ஆறடித் தொட்டிக்கு ஒரு மூடி

உக்காரு தாயி. அந்தப் பிரம்பு நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்தா, இப்படித் தொட்டிக்கு எதிர்த்தாப்ல உக்காரு. ஜெபக்கனிதான உன் பேரு? தாரணி போன்ல சொன்னா. பெங்களூர்ல இருந்துக்கிட்டே இங்க பாளையங்கோட்டையில ஆள் பிடிச்சு அனுப்பிட்டா பாத்தியா, என் மகளா கொக்கா. நீயும் சொன்ன நேரத்துக்கு முன்னாலயே வந்து நிக்க. நல்லது. ஐ.டி.ஐ.யில டிராயிங் வாத்தியாரா இருந்தவன் நான். நேரமும் அளவும் பிசகினா எனக்கு ஆகாது.

தாரணியோட அம்மா உள்ள படுத்திருக்கா. காலையில சாப்பிட்டதும் ஒரு தூக்கம் போடுவா. அவளைப் பத்தி உங்கிட்டப் பெருசாச் சொல்ல ஒண்ணும் இல்ல. கொஞ்சம் மறதி, அவ்வளவுதான். எனக்கும்தான் இருக்கு. கண்ணாடியை நெத்தியில ஏத்தி வச்சுக்கிட்டு வீடு பூரா தேடுதேன். தாரணி அதுக்கு என்னவோ ஒரு வியாதிப் பேரு சொல்லுதா. டாக்டரும் தலையைப் படம் எடுத்து, வெளிச்சத்துல வச்சு, இங்க பாருங்க, அங்க பாருங்கன்னாரு. காலம் பூரா படம் வரைஞ்சவன் நான். அந்தப் படத்துல எனக்கு ஒண்ணும் தெரியல.

நீ கவனமாப் பாத்துக்க வேண்டியது இந்தத் தொட்டியைத்தான்.

என்ன சிரிக்க? நெசமாத்தான் சொல்லுதேன். ஆறடித் தொட்டி இது. மருமகன் பல் டாக்டரு. ஜங்ஷன் பக்கம் கிளினிக் வச்சிருந்தாரு, அங்க வாரவங்க உக்காருற இடத்துல இருந்தது. பெங்களூருக்கு மாறும்போது இதைக் கொண்டு போக முடியாதுன்னு இங்க இறக்கிட்டாரு. குட்டியானை வண்டியில ஏத்திக் கொண்டாரும்போது தொட்டிக்கு ஒண்ணும் ஆகல, மேல இருந்த கண்ணாடி மூடி மட்டும் ரெண்டாப் போச்சு. அந்த மூடி போனதுலதான் எல்லாம் ஆரம்பிச்சுது. அது உடையாம வந்திருந்தா நீ இன்னைக்கு இங்க வந்து உக்காந்திருக்க வேண்டாம்னு வச்சுக்கயேன்.

உள்ள ரெண்டு மீனு. ஆஸ்கர்னு பேரு. கருப்புல ஆரஞ்சுத் தீத்தல் போட்ட மாதிரி இருக்கும். பெருசு ஒண்ணு, சிறுசு ஒண்ணு. இப்ப பெருசு மட்டும்தான். அதைச் சொல்லுதேன், இரு.

வந்த புதுசுல பிரமுவுக்கு, அதான் தாரணி அம்மாவுக்கு, இது பிடிக்கவே இல்ல. "வீட்டுக்குள்ள எதுக்குங்க குளத்தைக் கொண்டாந்து வச்சிருக்கீங்க, தரையெல்லாம் ஈரம்"னு சடைச்சுக்கிட்டா. ஒரு நாள் நான் குளிச்சுக்கிட்டு இருக்கேன், "ஐயோ பெரியவரு விழுந்துட்டாரு, பெரியவரு விழுந்துட்டாரு"ன்னு சத்தம். பெரியவருன்னா எங்க அண்ணன். அவுக செத்து வருசமாச்சு. ஈரத் துண்டோட ஓடி வாரேன், இவ முந்தானையில அந்தப் பெரிய மீனை ஏந்திக்கிட்டு நிக்கா. துள்ளி வெளிய விழுந்திருக்கு. பயப்படாம அள்ளிட்டா பாரு. சேலையெல்லாம் சொட்டச் சொட்ட, முகம் பூரா சிரிப்பு. தண்ணியில விட்டதும் அது அவ கையை விட்டுப் போகாம விரலையே முட்டிக்கிட்டு நின்னுது.

அன்னையில இருந்து அது பெரியவரு. மத்தது சின்னவ. காலையில எந்திச்சதும் நேரா இங்கதான் வருவா. அதுககிட்டப் பேசுவா. பால் வந்துருச்சா, வெயில் என்ன இப்படிக் காயுது, தாரணி போன் பண்ணலையேன்னு ஊர்ப்பட்ட பேச்சு. எங்கிட்டப் பேசுனதைவிட அதுககிட்டப் பேசுனதுதான் கூட. நமக்கும் பேப்பர் படிக்க நேரம் கிடைச்சுது.

ஆனா மீனு துள்ளுதுல்லா, மூடி வேணுமா இல்லையா? டி.வி. வந்த பெட்டியில பெரிய தெர்மாகோல் ஷீட்டு கிடந்தது. அளவெடுத்து வெட்டி மேல வச்சேன். கச்சிதமா உக்காந்தது. ரெண்டு நாள்தான். மூணாம் நாள் பாத்தா ஓரமெல்லாம் பிச்சுப் போட்டிருக்கு. தண்ணி மேல வெள்ளை வெள்ளையா உருண்டை மிதக்குது. எலிதான்னு நினைச்சேன். எலிப்பொறி கூட வாங்கி வச்சேன்.

பிறகு தண்ணி கலங்க ஆரம்பிச்சுது. பால் ஊத்துன மாதிரி. பாதித் தண்ணியை மாத்துவேன், பில்டர் பஞ்சைக் கழுவுவேன், மறுநாளும் அதே கலங்கல். ஒரு நாள் வலையை விட்டு அடியை அரிச்சா இட்லித் துண்டு வருது, முறுக்கு வருது, கறிவேப்பிலை வருது. நல்ல நாத்தம். அந்த வாரத்துலதான் சின்னவ செத்தது.

எனக்கு வந்த கோவம்! வேலைக்குப் பொன்னுத்தாயின்னு ஒருத்தி வந்துக்கிட்டிருந்தா, நல்ல பொம்பளதான். கூப்பிட்டு வச்சு நாலு வார்த்தை கேட்டேன். "மிச்சத்தையெல்லாம் கொட்டுறதுக்கு இது குப்பைத் தொட்டியா?"ன்னேன். "நான் அடுப்படியை விட்டு இந்தப் பக்கமே வாரதில்ல வாத்தியாரையா"ன்னு அழுதுக்கிட்டே சொன்னா. பிரமு பக்கத்துல நின்னு, "எதுக்குங்க அவளை வையுதீங்க, பாவம்"ங்கா. பொன்னுத்தாயி சேலை முந்தியை வாயில வச்சுக்கிட்டு அம்மாவையே பாத்தா. போயிட்டா. பிறகு வரவும் இல்ல.

அவ போன பிறகும் தண்ணி கலங்கத்தான் செஞ்சுது. கூழாங்கல்லுக்குள்ள மாத்திரை கிடந்துது, பிரஷருக்கு அம்மா போடுறது. கைதவறி விழுந்திருக்கும். கண்ணு சரியாத் தெரியாதுல்லா. பொன்னுத்தாயியை ஒரு நாள் போய்க் கூப்பிடணும்னுதான் இருக்கேன்.

அடுத்தாப்ல ப்ளைவுட்ல அடிச்சேன். பச்சைப் பெயிண்ட் ரெண்டு கோட்டு. மழை மாசம், கீழ இருந்து ஆவி வேற. அந்தச் சவம் பிடிச்ச பலகை நடுவுல ஊறி முதுகு வளைஞ்சு போச்சு. இழுத்தா வராது, தள்ளினா போகாது. அதையும் இவ தூக்கப் பாத்திருக்கா. அந்தப் பலகையில லைட்டைத் தொங்கவிட்டிருந்தேன். பலகை சரிஞ்சு லைட்டு தண்ணிக்குள்ள விழுந்துட்டு. நான் வாசல்ல காய்காரன்கிட்ட நிக்கேன், உள்ள டப்புன்னு ஒரு சத்தம். ஓடி வந்தா, கரண்டை வெட்டிவிடுற ட்ரிப்பர் விழுந்து ஃபேனெல்லாம் நின்னு போச்சு. இவ முழங்கை வரைக்கும் ஈரக் கையோட நின்னுக்கிட்டு, "கரண்டு போயிட்டுங்க"ன்னு சொல்லுதா. எம்மாடி. அந்த ட்ரிப்பர் மட்டும் விழாம இருந்திருந்தா?

சொல்லு, அதுக்குப் பிறகும் நான் சும்மா இருக்கவா?

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். சரியா ஒரு மூடி, நானே செய்யணும். அலுமினியக் கடைக்காரன் நாங்க அடிச்சுத் தாரோம் சார்னான். உங்க வேலை எனக்குத் தெரியும், சேனலை மட்டும் அறுத்துக் குடுன்னுட்டேன். சார்ட் பேப்பர் விரிச்சு மேல்தோற்றம், முன்தோற்றம், பக்கத்தோற்றம் எல்லாம் வரைஞ்சேன். ரிட்டயர் ஆன பிறகு டி-ஸ்கொயரைக் கையில எடுத்தது அன்னைக்குத்தான். நல்லா இருந்துச்சு. இவளும் தரையில சம்மணம் போட்டு உக்காந்து டேப் முனையைப் பிடிச்சா. பிடிச்ச பிடியை விடமாட்டா, அவ்வளவு சிரத்தை.

"யாருக்குங்க இது?"

"மீனுக்கு."

"மீனுக்குக் கூரையா?" கேட்டுட்டு ஒரே சிரிப்பு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும், "யாருக்குங்க இது?" மறுபடியும் சிரிப்பு. அந்த ஒரு வாரம் வீடு கலகலன்னு இருந்தது தாயி. எத்தனை தடவை கேட்டாலும் நானும் மீனுக்கு மீனுக்குன்னு சொல்லிக்கிட்டே ரிவெட் அடிச்சேன்.

இதான் அந்த மூடி. கிட்ட வந்து பாரு. சுத்தி அலுமினியச் சட்டம், நடுவுல அக்ரிலிக் ஷீட்டு. நீளம் கூடங்கிறதால தொய்யும்னு குறுக்க ஒரு கம்பி கொடுத்தேன். பின்னால கீல். பில்டர் குழாய்க்கு ஒரு வெட்டு, வயருக்கு ஒரு வெட்டு. முன்னால கொண்டி. கொண்டியில பூட்டு.

பூட்டு போடாம எப்படி? கரண்டு விசயம்லா.

மாட்டின அன்னைக்குக் காலையில வந்தா. மூடியைத் தூக்கினா, வரல. அந்தப் பக்கம் போயித் தூக்கினா. பின்னால போயிப் பாத்தா. பிறகு எங்கிட்ட வந்து, "சாவி எங்கங்க?"ன்னு கேட்டா. தொலைஞ்சு போச்சுன்னேன். வேற என்ன சொல்ல? இருக்கு, ஆனா தரமாட்டேன்னு சொன்னா மனசு கஷ்டப்படும்லா. தொலைஞ்சதுன்னா யாருக்கும் வருத்தம் இல்ல பாரு.

அவளும் தேட ஆரம்பிச்சா. அரிசி வாளிக்குள்ள, தலகாணி உறைக்குள்ள, சாமிப் படத்துக்குப் பின்னால, என் செருப்புக்குள்ள. தேடுன இடத்துலயே மறுபடியும் தேடுவா. "கிடைச்சுதா?"ன்னு நானும் கேப்பேன். சாவி என் சட்டைப் பாக்கெட்டுல கிடக்கு. தேடட்டுமே, நடமாட்டம் உடம்புக்கு நல்லதுதான. டாக்டரும் நடக்கச் சொல்லியிருந்தாரு.

பிறகு தேடுறதை விட்டுட்டா. இன்னா, இந்த மூலையில நெத்தியைக் கண்ணாடியில ஒட்டிக்கிட்டு நிப்பா. பேச்சு இல்ல. கண்ணாடியில விரலால தட்டுவா. பெரியவரு வந்து இந்தப் பக்கம் வாயை வாயைத் திறக்கும். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா வரமாட்டா. ரெண்டு வாய் வாங்கிட்டு மூணாவது வாயைக் கையில பொத்தி வச்சுக்குவா. சரி, மழைக்காலம், பசி மந்தம்னு நினைச்சேன். தண்ணி மட்டும் அப்படித் தெளிஞ்சு இருந்துச்சு. அடியில கல்லை எண்ணலாம். மூடி வேலை செய்யுது பாத்தியான்னு தாரணிக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். அவ அதுக்கு, அம்மா சாப்பிட்டாங்களான்னு மட்டும் கேட்டிருந்தா.

என்ன கேக்க? வெளிய போனதா? அதையும் தாரணி சொல்லிட்டாளா. சின்ன விசயத்தைப் பெருசாக்கிருவா அவ.

ஒரு நாள் சாயங்காலம் நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன். எந்திச்சுப் பாத்தா ஆள் இல்ல. மாடியில பாத்தேன், புறவாசல்ல பாத்தேன், பக்கத்து வீட்டுல கேட்டேன். செருப்பு கிடக்கு, ஆள் இல்ல. தெருமுக்குல நின்னு எந்தப் பக்கம் போகன்னு தெரியாம நிக்கேன், அப்ப ஆட்டோவுல வந்து இறங்குதா. பால்துரைன்னு நம்ம ஆட்டோ ஸ்டாண்டு பையன் கூட்டியாந்திருக்கான். சவாரி விட்டுட்டு வாய்க்கால் பாலத்து மேல வந்திருக்கான். கீழ படித்துறையில இடுப்பளவு தண்ணியில ஒரு அம்மா நிக்காங்களேன்னு பாத்தா, இவ. நல்ல மழை பெய்ஞ்சு வாய்க்கால் கரை தட்டிப் போகுது. முந்தானையில இட்லியைக் கட்டிக்கிட்டுப் போயிருக்கா. பிச்சுப் பிச்சு மீனுக்குப் போட்டுக்கிட்டு நின்னிருக்கா. அவன் இறங்கித்தான் கையைப் பிடிச்சு ஏத்தியிருக்கான். அவன் பேண்டெல்லாம் தொப்பலா நனைஞ்சு போச்சு. "ஐயா, இன்னும் ஒரு படி இறங்கியிருந்தாங்கன்னா..."ன்னுட்டுப் பேண்டைப் பிழிஞ்சான்.

ஏன் போனன்னு கேட்டேன். சத்தமாத்தான் கேட்டேன். தெருவே பாத்துது. அவ சந்தோசமா, ரொம்ப நல்ல சேதி சொல்லுற மாதிரி சொல்லுதா: "அங்க மூடி இல்லங்க."

வாய்க்காலுக்கு யாரு மூடி போடுவா? எனக்குச் சிரிப்பு வந்துட்டு. பால்துரை சிரிக்கல. உள்ள கூட்டிட்டுப் போயிச் சேலை மாத்திவிட்டேன். அன்னைக்கு ராத்திரி எனக்கு உறக்கம் இல்ல, எந்திச்சு எந்திச்சுப் போயிக் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பாத்தேன். சுகர் கூடியிருக்கும்.

மறுநாளே வாசல் கேட்டுக்கும் பூட்டு வாங்கிப் போட்டேன். நல்ல கனமான பூட்டு. இப்பச் சொல்லு, மூடி போட்டதுக்கும் அவ வெளிய போனதுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டைத் திறந்து போட்டிருந்ததுதான் தப்பு. அதைத்தான் தாரணிகிட்டச் சொன்னேன். அவ அன்னைக்கே ரயில் ஏறி வந்துட்டா. வந்ததும் வராததுமா கேட்டுல பூட்டைப் பாக்கா, தொட்டியில பூட்டைப் பாக்கா. பையைக் கூட இறக்கி வைக்கல.

"அப்பா, அம்மாவுக்கு இந்த வீட்டுல வேற என்ன இருக்கு?"

"நான் இருக்கேன்லா?"ன்னேன்.

அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. பிறகு அடுப்படிக்குள்ள போயிக் குழாயைத் திறந்துவிட்டா. பாத்திரம் கழுவத்தான் போனான்னு நினைச்சேன். போயிப் பாத்தா ஒரு பாத்திரமும் கிடையாது, தண்ணி சும்மா விழுது. முகத்தைக் கழுவுதேன்னா.

அம்மாவைப் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போறேன்னா. விடமாட்டேன்னேன். அப்ப அதுக்குன்னு ஹோம் இருக்கு, அங்க விடுவோம்னா. செத்தாலும் கிடையாதுன்னேன். பிரமு நடுவுல உக்காந்துக்கிட்டு, "யாருக்கு உடம்பு சரியில்ல?"ன்னு ரெண்டு பேரையும் மாறி மாறிக் கேக்கா. கடைசியில ஒரு ஆளாவது கூட இருக்கட்டும்னு பேசி முடிச்சோம். அதான் நீ வந்திருக்க. என்னால தனியாப் பாத்துக்க முடியாதுன்னு இல்ல. மகள் மனசு சமாதானமாகட்டும்னு சரின்னேன்.

அப்புறம் இந்த ஓட்டையைக் கேப்ப. இன்னா, இடது ஓரத்துல வட்டமா இருக்கே. இது புதுசு. தாரணி ஊருக்குப் போன பிறகு போட்டது. அவ சொன்னதுக்காகப் போடல. மீனுக்குக் காத்து வேணும்லா. அத்தனை பெரிய மூடி போட்டு இறுக்கி அடைச்சா அதுக்கு மூச்சு முட்டும். அதுக்குத்தான்.

லேசுப்பட்ட வேலை இல்ல. அக்ரிலிக் ஷீட்டு பொல்லாதது, ட்ரில் கொஞ்சம் அழுந்துனாப் போதும், விரிசல் விட்டுரும். முதல் ஷீட்டு அப்படித்தான் போச்சு. புது ஷீட்டு வாங்கிப் போட்டு, வட்டத்தைச் சுத்தி சின்னச் சின்னத் துளையா இட்டு, பைய பைய அரத்தால ராவி எடுத்தேன். வட்டத்துக்கு அளவு அவ வளையல்தான். கழத்தி வச்சிருந்தா, கைக்கு வாக்கா இருந்துது, அதை வச்சே ஒரு விரல் அகலம் கூட்டிக் கோடு போட்டுட்டேன். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சேன். என் கையை விட்டு விட்டுப் பாத்தேன், எங்கயும் கீறல் படல. மீனு மேல வந்து உரசினா அதுக்குக் காயம் படக்கூடாதுல்லா. நீயும் வேணும்னா தடவிப் பாரு. வழுவழுன்னு இருக்கா?

லைட்டு, வயரு எல்லாத்தையும் அந்த வலது ஓரத்துக்கு மாத்திட்டேன். இந்தப் பக்கம் கரண்டே கிடையாது. மீன் தீனி டப்பா என் மேசையில இருக்கும். அம்மா கேட்டா நாலே நாலு குருணை உள்ளங்கையில வச்சுக் கொடு. அதுக்கு மேல வேண்டாம். இட்லி கிட்லி வச்சிருக்காளான்னு கையைப் பாத்துக்கோ. பாத்த மாதிரி காட்டிக்காத, சங்கடப்படுவா.

முந்தாநாள் காலையிலதான் இதை மாட்டினேன். அவ வழக்கம்போல வந்து நின்னா. நெத்தியைக் கண்ணாடியில வச்சா. ஓட்டையைக் கவனிக்கல. நானும் சொல்லல, இந்தா இங்க உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு மூடி மேல விரலை வச்சுத் தடவிக்கிட்டே ஓரமா வந்தா. விரல் இந்த வட்டத்துக்கு வந்ததும் நின்னுட்டு. என்னைத் திரும்பிப் பாத்தா. நான் பேப்பரைத் திருப்பினேன். பைய விரலை விட்டா, பிறகு கையை விட்டா. வளையலோடயே போச்சு. பெரியவரு அடியில ஒரு மூலையில கிடந்தது. மேல ஏறி வந்து நேரா அவ விரலை முட்டுச்சு. அவ அப்படியே நின்னா. அவ தோள் ரெண்டும் எறங்குச்சு பாரு, ஏதோ பெரிய சுமையைக் கீழ வச்ச மாதிரி.

ரொம்ப நேரம் நின்னா. ரவிக்கைக் கையெல்லாம் நனையுது. சளி பிடிச்சுக்குமேன்னு துண்டை எடுத்துக்கிட்டுப் பக்கத்துல போனேன். அவ கையை எடுக்கல. தலையை மட்டும் என் பக்கம் சாய்ச்சு, உள்ள யாருக்கோ கேட்டுரக்கூடாதுங்கிற மாதிரிச் சன்னமாச் சொல்லுதா: "நீங்கதான இதைத் திறந்து விட்டீங்க? எங்க வீட்டுக்காரரு பூட்டி வச்சிருந்தாரு. நல்ல மனுசன்தான். தெரிஞ்சா சத்தம் போடுவாரு. அவருகிட்டச் சொல்லிராதீங்க அண்ணாச்சி."

அவளுக்கு எப்பவுமே கேலி ஜாஸ்தி. கல்யாணமான புதுசுலயும் இப்படித்தான், முகத்துல ஒரு சிரிப்பும் இல்லாம என்னத்தையாவது சொல்லி என்னைத் திகைக்க வச்சிருவா. கேலிதான். வேற என்ன?

"சொல்லமாட்டேம்மா"ன்னேன். துண்டை அவ தோள்ல போட்டுட்டு இந்தப் பக்கம் வந்து உக்காந்துட்டேன்.

இன்னைக்கு வரைக்கும் சொல்லல.